அத்தியாயம் 7: எக்ஸாஸ்ட் வெப்பமானி பொருத்துதல்

பிஸ்டன் எஞ்சின் சூடு மிஞ்சினால் முன்கூட்டியே முணுமுணுக்கும்: தட்டும், இழுவை குறையும், ஆவி கக்கும். டர்பைனுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஸ்டார்ட் செய்யும்போது எரிபொருள் கொஞ்சம் கூடினாலோ, பேட்டரி சோர்ந்து சுழல்வேகம் ஏறாமல் நின்றாலோ, உள்ளே போகும் காற்று போதாமல் வாயுவின் வெப்பம் சில விநாடிகளில் நூற்றுக்கணக்கான டிகிரி எகிறிவிடும். ஹாட் ஸ்டார்ட் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான். வெளியே நிற்பவருக்குப் பெரும்பாலும் எந்த வித்தியாசமும் தெரியாது. உள்ளே டர்பைன் சக்கரத்தின் ஆயுள் கரைந்திருக்கும். விமானிக்குக் கிடைக்கும் ஒரே எச்சரிக்கை எக்ஸாஸ்ட் வெப்பமானியின் முள்தான்.

முள் எவ்வளவு துல்லியமாக இருக்கவேண்டும் என்பதற்குப் பெல் 206 ஹெலிகாப்டரின் அலிசன் 250-சி20பி எஞ்சினைப் பாருங்கள். தொடர்ந்து ஓட்ட 738 டிகிரி செல்சியஸ் வரை, ஐந்து நிமிடத்துக்கு 810 வரை. ஸ்டார்ட்டின்போது 810-க்கு மேல் பத்து விநாடிக்கு மிகக்கூடாது. உச்சமான 927 டிகிரி ஒரு விநாடிக்கு மட்டும். வெப்பமானி 70 டிகிரி குறைத்துக் காட்டினால், 738-இல் பறப்பதாக நினைப்பவர் உண்மையில் 808-இல் பறந்துகொண்டிருப்பார்.

இந்த அத்தியாயத்தின் அடிப்படை விதி அதிலிருந்தே வருகிறது. உணரியைப் பொருத்துவதில் செய்யக்கூடிய தவறுகளில் பெரும்பாலானவை வெப்பத்தைக் குறைத்தே காட்டும். கூட்டிக் காட்டும் தவறு பயமுறுத்தும், நீங்கள் தேடிப்போய்ச் சரிசெய்வீர்கள். குறைத்துக் காட்டும் தவறு நிம்மதியைத் தரும், ஆகவே யாரும் தேடமாட்டார்கள். ஒவ்வொரு படியிலும் "இது குறைத்துக் காட்டுமா?" என்று கேட்டுக்கொண்டே வேலை செய்யுங்கள்.

எந்த எஞ்சின், யார் செய்யலாம்

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்காவில் வீட்டுக் கொட்டகைகளில் கட்டப்படும் ஒற்றை இருக்கை ஹெலிகாப்டர்களில் வரும் சோலார் டி-62 குடும்ப எஞ்சின். சினூக் போன்ற பெரிய ஹெலிகாப்டர்களில் மின்சாரமும் ஹைட்ராலிக் அழுத்தமும் தரும் துணை எஞ்சினாகப் பிறந்த குடும்பம் இது. இராணுவம் கழித்துவிட்ட டி-62டி-32 எஞ்சின்களைச் செப்பனிட்டு ஹெலிசைக்கிள் என்னும் கிட் ஹெலிகாப்டரில் பயன்படுத்துகிறார்கள். ஒரே தண்டு, அதில் ஒரு கம்ப்ரசர் சக்கரம், ஒரு டர்பைன் சக்கரம். தண்டு நிமிடத்துக்கு 60,000 சுற்றுக்கு மேல் சுழல, கியர்பெட்டி அதைக் குறைத்துத் தருகிறது.

அமெரிக்க விதிப்படி, பெரும்பகுதியை ஆர்வலரே கட்டிய சோதனை வகை விமானத்தில் கட்டியவரே இந்த வேலையைச் செய்து பதிவேட்டில் எழுதலாம். சான்றிதழ் பெற்ற ஹெலிகாப்டரில் அப்படி முடியாது. அங்கே உற்பத்தியாளரின் கையேடும் உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளரின் கையெழுத்தும் இல்லாமல் ஒரு நட்டைக்கூடத் தொடக்கூடாது.

இன்னொரு எச்சரிக்கை: மேலே சொன்ன அலிசன் எல்லைகளை இந்த எஞ்சினுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். அலிசனில் நான்கு தெர்மோகப்பிள் உணரிகள் இரண்டு டர்பைன்களுக்கு நடுவே நிற்கின்றன. ஒற்றைத் தண்டு எஞ்சினில் அப்படி ஓர் இடமே இல்லை. டர்பைனைத் தாண்டிய புகைக்குழாயில்தான் அளக்கமுடியும். அளக்கும் இடம் மாறினால் எண்ணும் மாறும். உங்கள் எஞ்சினின் கையேட்டில் உள்ள எல்லையும், அது எந்த இடத்தில் அளந்தது என்ற குறிப்பும் கையில் இருந்தால் மட்டுமே வேலையைத் தொடங்குங்கள்.

உணரியைத் தேர்ந்தெடுத்தல்

இந்த வேலைக்கு உரியது கே வகைத் தெர்மோகப்பிள். குரோமெல், அலுமெல் என்ற இரு நிக்கல் உலோகக் கலவைக் கம்பிகளின் முனைகளை ஒன்றாக உருக்கிச் சேர்த்தது. சேர்ந்த முனைக்கும் மறுமுனைக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்துக்கு ஏற்ப, டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட் எழும். மறுமுனை 0 டிகிரியில் இருந்தால் 600 டிகிரிக்கு 24.9 மில்லிவோல்ட், 800-க்கு 33.3. அளப்பது வெப்பத்தை அல்ல, வெப்ப வித்தியாசத்தை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் வயரிங் சிக்கல்கள் பாதி அவிழ்ந்துவிடும்.

இன்கோனெல் உறைக்குள் மக்னீசியம் ஆக்சைடு பொடி இறுக்கி அடைத்த, 3 மி.மீ. விட்டமுள்ள கம்பி வடிவ உணரியை வாங்குங்கள். 1.5 மி.மீ. உணரி வேகமாகக் காட்டும், அதிர்வில் சீக்கிரம் முறியும். 6 மி.மீ. நீண்டநாள் உழைக்கும், ஆனால் ஸ்டார்ட்டின்போது முள் எஞ்சினுக்குப் பின்னால் தள்ளாடி வரும். தாமதமும் ஒருவகைக் குறைத்துக் காட்டல்தான்.

உள்ளே முனை உறையோடு ஒட்டியிருப்பது ஒரு வகை, விலகியிருப்பது இன்னொரு வகை. ஒட்டியது சற்று வேகமானது. ஆனால் உறை எஞ்சின் உடலைத் தொடுவதால் மின்தரையோடு இணைந்துவிடும். நீங்களே கட்டும் டிஜிட்டல் கேஜில் மேக்ஸ்31855 சிப் இருந்தால், தரையைத் தொட்ட உணரியை அது கோளாறு என்றே அறிவிக்கும். அப்போது விலகிய வகையை வாங்குங்கள். பழைய மேக்ஸ்6675 சிப்பைத் தவிர்ப்பது நல்லது: 1,024 டிகிரியைத் தாண்டி அதற்கு எண்ணத் தெரியாது. ஹாட் ஸ்டார்ட்டில் உச்சம் எவ்வளவு என்று தெரியாமல் போகும்.

உணரியை வெட்டிச் சுருக்காதீர்கள். உள்ளிருக்கும் பொடி காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் காப்புத்தன்மையை இழந்துவிடும்.

இடம்

முதல் கேள்வி: எஜெக்டருக்கு முன்னா, பின்னா? பல கிட் ஹெலிகாப்டர்களில் எஞ்சின் அறையைக் குளிரவைக்கப் புகைக்குழாய் முனையில் ஓர் அகலக் குழாய் கவிந்திருக்கும், அதுதான் எஜெக்டர். புகையின் வேகம் வெளிக்காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்தக் கலப்பு நடந்த இடத்தில் உணரியை வைத்தால் குளிர்ந்த வெளிக்காற்றும் சேர்ந்து, எண் தாழ்ந்துவிடும். உணரி எப்போதும் கலப்புக்கு முன்னால், டர்பைனை ஒட்டிய குழாயில் இருக்கவேண்டும்.

இரண்டாவது, ஆழம். குழாயின் சுவரை ஒட்டிய படலம் நடுவைவிடக் குளிர்ந்தது, தோசைக்கல்லின் ஓரம் போல. உறை வழியாகவும் வெப்பம் சுவருக்குக் கசியும். ஆகவே உறை விட்டத்தைப் போல் குறைந்தது பத்து மடங்கு நீளம் வாயுவுக்குள் நிற்கவேண்டும். முனை, சுவருக்கும் மையத்துக்கும் நடுவில் இருக்கவேண்டும். உள்விட்டம் 120 மி.மீ. என்றால் 30 மி.மீ. ஆழம். 3 மி.மீ. உணரிக்கு இரண்டு நிபந்தனைகளும் ஒரே எண்ணில் பொருந்திவிடும். கையேட்டில் வேறு ஆழம் சொல்லியிருந்தால் அதுவே விதி.

மூன்றாவது, சுற்றுவட்டத்தில் எங்கே? அடிப்பக்கம் வேண்டாம். பற்றாமல் போன ஸ்டார்ட்டில் எரியாத எரிபொருள் அங்கே தேங்கும், அடுத்த ஸ்டார்ட்டில் உணரியின் காலடியிலேயே எரியும். நேர் உச்சியும் வேண்டாம், மேலெழும் சூடு கனெக்டரை வாட்டும். கடிகார முகத்தில் பத்து மணி அல்லது இரண்டு மணி இருக்கும் திசை நல்லது. எரிபொருள் தெளிப்பான் ஒன்று அடைத்திருந்தால் வட்டத்தின் ஒரு பக்கம் குளிர்ந்தும் மறுபக்கம் கொதித்தும் இருக்கும். ஒற்றை உணரி ஒரு கீற்றைத்தான் பார்க்கும். முடிந்தால் எதிரெதிராக இரண்டு உணரி வைத்து, தனித்தனியாகக் காட்டுங்கள். இரண்டையும் ஒன்றாக முறுக்கி ஒரே கேஜுக்குக் கொடுத்தால் ஒன்று அறுந்தாலும் மற்றது மூடிமறைத்துவிடும்.

முனை முறிந்தால் எங்கே போகும் என்பதையும் யோசியுங்கள். டர்பைனைத் தாண்டிய இடம் என்பதால் எஞ்சினுக்குப் பாதிப்பில்லை. ஆனால் ஹெலிகாப்டரில் புகைக்குழாய் பார்க்கும் திசையில்தான் வால் ரோட்டர் சுழல்கிறது.

துளையும் வெல்டிங்கும்

புகைக்குழாயைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்த பிறகே ட்ரில்லை எடுங்கள். எஞ்சினில் இருக்கும்போது துளையிட்டால் உலோகத்தூள் டர்பைன் பக்கம் போய் விழும். வாக்குவம் வைத்து எடுத்துவிடலாம் என்று நம்பாதீர்கள். குழாயைக் கழற்றியதும் எஞ்சின் வாயைச் சுத்தமான மூடியால் மூடுங்கள்.

1. துளை இடத்தைக் குறிக்கச் சாதாரணப் பென்சிலைப் பயன்படுத்தாதீர்கள். பென்சில் விட்டுச்செல்லும் கார்பன் சூட்டில் உலோகத்துக்குள் ஊறி, அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். சாக்பீஸோ குறியிடும் நீலச்சாயமோ போதும்.

2. சிறிய பிட்டில் தொடங்கி, மெதுவான வேகத்தில், எண்ணெய் விட்டுத் துளையிடுங்கள். எவர்சில்வர் தகடு வேகத்தில் சூடேறி இறுகிவிடும், பிட் மழுங்கும். உள்பக்கப் பிசிறை முழுக்க நீக்குங்கள்.

3. துளைமேல் மரை வெட்டிய எவர்சில்வர் பாஸ் (தடித்த வளையம்) ஒன்றை டிக் வெல்டிங்கில் ஒட்டவேண்டும். குழாய்க்குள்ளும் ஆர்கான் செலுத்தி வெல்டு செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் பின்பக்கம் கருகிப் பொரிந்து, அதிர்வில் அங்கிருந்தே கீறும். குழாய் எந்த உலோகம் என்று வெல்டரிடம் சொல்வது உங்கள் பொறுப்பு.

4. வெல்டு ஆறியதும், விரிசல் காட்டும் சாயச் சோதனை செய்யுங்கள்.

நாகமோ காட்மியமோ பூசிய நட்டு, வாஷர் எதுவும் இந்தப் பக்கம் வரக்கூடாது. காட்மியம் 321 டிகிரியிலும் நாகம் சுமார் 420 டிகிரியிலும் உருகும். உருகிய உலோகம் எவர்சில்வரின் மணிகளுக்கு நடுவே நுழைந்து நொறுக்கிவிடும். மரைக்கு நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசை கொஞ்சம் போதும்.

உணரியைப் பாஸுக்குள் பிடித்து நிறுத்துவது கம்ப்ரஷன் ஃபிட்டிங். அதற்குள் இருக்கும் எவர்சில்வர் ஃபெருல் ஒருமுறை இறுகியதும் உறையைக் கவ்விவிடும், பிறகு நகர்த்தமுடியாது. ஆகவே இறுக்குவதற்கு முன் உணரியில் ஆழத்தை மார்க்கர் பேனாவால் குறித்து, செருகி, மறுபடி அளந்து, அதன்பின் இறுக்குங்கள். குறியை ஸ்பிரிட்டால் துடைத்துவிடுங்கள். நட்டுக்கு 0.8 மி.மீ. எவர்சில்வர் சேஃப்டி வயர், இரட்டை முறுக்கு, இறுக்கும் திசையில் இழுக்கும்படி.

வயரிங்

மோசமான தவறுகள் நடப்பது இங்கேதான்.

உணரியிலிருந்து கேஜ் வரை கே வகை நீட்டிப்பு வயரே போகவேண்டும். நடுவில் செம்பு வயர் போட்டால் செம்பு தொடங்கும் இடமே "மறுமுனை" ஆகிவிடும். எஞ்சின் அறையில் அந்த இணைப்பு 120 டிகிரியில், பேனல் 35 டிகிரியில் இருந்தால் கேஜ் 85 டிகிரி குறைத்துக் காட்டும்.

அடுத்தது நிறக் குழப்பம். அமெரிக்கத் தொழிற்சாலை முறையில் மஞ்சள் நேர்முனை, சிவப்பு எதிர்முனை. சிவப்பு என்றாலே நேர்முனை என்று பழகிய கை இங்கே தடுமாறும். சர்வதேச முறையில் பச்சை நேர்முனை, வெள்ளை எதிர்முனை. விமான ஹார்னஸில் இது தலைகீழ்: வெள்ளை குரோமெல், அதாவது நேர்முனை, பச்சை அலுமெல், எதிர்முனை. பழைய இராணுவ ஹார்னஸையும் கடையில் வாங்கிய சர்வதேச நிற வயரையும் நிறம் பார்த்து இணைத்தால் நிச்சயம் தலைகீழாகும். நிறத்தை நம்பாமல் காந்தத்தை நம்புங்கள். அறை வெப்பத்தில் அலுமெல் காந்தத்தில் ஒட்டும், குரோமெல் ஒட்டாது.

ஒரே இடத்தில் முனை மாறினால் பிடித்துவிடலாம்: சூடுபடுத்தும்போது முள் கீழே இறங்கும். நீட்டிப்பு வயரின் இரண்டு முனைகளிலும் மாறிவிட்டால்தான் ஆபத்து. முள் ஒழுங்காகவே ஏறும். ஆனால் மேலே சொன்ன வெப்பங்களில் 85-இன் இருமடங்கு, 170 டிகிரி, குறைத்துக் காட்டும். மேசைமேல் சோதித்தால் எல்லாம் ஒரே வெப்பத்தில் இருப்பதால் இந்தத் தவறு தெரியவே தெரியாது. எஞ்சின் அறை சூடேறும்போது மட்டும் தலைகாட்டும்.

வயரின் காப்புறையாக டெஃப்லான் 260 டிகிரி வரை தாங்கும். குழாய்க்கு அருகில் கண்ணாடி இழை போடுங்கள், ஆனால் அது எண்ணெயை உறிஞ்சும் என்பதால் கசிவு இருக்கும் இடத்தில் வேண்டாம். இரண்டு கம்பியும் முறுக்கிய, மேலே வலை போர்த்திய வயர் நல்லது. இக்னிஷன் பெட்டியின் வயர், ஸ்டார்ட்டர் கேபிள் இரண்டையும் விட்டுத் தள்ளிக் கொண்டுபோங்கள். குறுக்கே கடக்கவேண்டியிருந்தால் செங்கோணத்தில் கடக்கட்டும். ஃபயர்வாலில் வயரை வெட்டாமல் ரப்பர் வளையம் வழியே விடுங்கள், அல்லது கே வகைக் கனெக்டர் போடுங்கள். ரப்பர் பதித்த கிளாம்புகளால் வழிநெடுகப் பிடித்து நிறுத்துங்கள்.

பழைய முள் கேஜ் என்றால் இன்னொரு விஷயம். அவற்றில் பல, வயரின் மின்தடை 8 ஓம் என்று வைத்தே அளவிடப்பட்டவை. வயர் நீளமாக இருக்கிறதே என்று வெட்டினால் எண் மாறிவிடும். கேஜின் மேலேயே அந்த ஓம் அளவு அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள்.

சோதனை

எஞ்சினை ஓட்டுவதற்கு முன் நான்கு சோதனைகள்:

- நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த குவளையில் உணரி முனை: 0 டிகிரிக்கு இரண்டு டிகிரி முன்பின்.
- கொதிக்கும் நீரில்: கடல்மட்டத்தில் 100. 1,600 மீட்டர் உயரமுள்ள டென்வர் போன்ற ஊரில் நீர் சுமார் 95-இலேயே கொதிக்கும் என்பதை மறக்காதீர்கள்.
- கேஜுக்கு மில்லிவோல்ட் கொடுத்து: பேனல் 25 டிகிரியில் இருந்தால், உணரி இடத்தில் 23.9 மில்லிவோல்ட் செலுத்துங்கள். கேஜ் 600 காட்டவேண்டும்.
- உணரி முனையை ஐஸ்நீரிலேயே வைத்துக்கொண்டு, நடுவில் உள்ள கனெக்டரை ஹேர் டிரையரால் சூடாக்குங்கள். எண் அசையக்கூடாது. இறங்கினால் எங்கோ செம்பு வயர் இருக்கிறது, அல்லது இரண்டு முனையும் மாறியிருக்கிறது.

நான்காவது சோதனையைப் பலரும் செய்வதில்லை. அவர்களுக்கு மேலே சொன்ன 170 டிகிரிப் பிழை கடைசிவரை தெரியாமலே போகும்.

வயர் எங்காவது நசுங்கி இரு கம்பியும் தொட்டால், தொட்ட இடத்தின் வெப்பத்தைத்தான் கேஜ் காட்டும். குளிர்ந்த எஞ்சினில் அது வெளிவெப்பமாகவே இருக்கும். ஆகவே காலையில் கேஜ் வெளிவெப்பத்தைச் சரியாகக் காட்டியது என்பதை மட்டும் ஆதாரமாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

முதல் ஸ்டார்ட்

முழு சார்ஜ் பேட்டரி, தீயணைப்புக் கருவியோடு ஓர் ஆள், எரிபொருள் நிறுத்தியில் உங்கள் கை. எரிபொருள் திறந்து, பற்றும் சத்தம் கேட்டும் சில விநாடிக்குள் எண் ஏறவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள், உணரி செத்திருக்கிறது. எண் ஏறும்போது எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், ஏறும் வேகத்தைப் பாருங்கள். 3 மி.மீ. உணரி காட்டும் எண்ணைவிட உண்மை வெப்பம் எப்போதும் சற்று முன்னால் ஓடிக்கொண்டிருக்கும். சிவப்புக் கோட்டை நோக்கி வேகம் தணியாமல் போனால், கோட்டைத் தொடும்வரை காத்திருக்கவேண்டாம்.

எஞ்சின் கன்ட்ரோலர் வெப்பம் மிஞ்சினால் தானே எரிபொருளை நிறுத்தும்படி அமைத்திருந்தால், அதை ஸ்டார்ட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். உணரி அறுந்ததும் உச்ச எண் காட்டும் கேஜ்கள் உண்டு. ஸ்டார்ட்டில் அது நல்லது. மரங்களுக்கு மேலே பறக்கும்போது ஓர் அறுந்த வயர் எஞ்சினை நிறுத்தக்கூடாது. அங்கே விளக்கெரிந்தால் போதும், முடிவு விமானியுடையது.

பதிவேட்டில் ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் நான்கு எண்கள் எழுதுங்கள்: வெளிவெப்பம், பேட்டரி வோல்ட், உச்ச வெப்பம், ஐடிலில் நின்ற வெப்பம். முதல் சில மணிநேர ஓட்டத்துக்குப் பிறகு ஃபிட்டிங்கை மறுபடி இறுக்கிப் பார்த்து, வெல்டில் விரிசல் தேடுங்கள். வருடாந்தர ஆய்வில் உணரியைக் கழற்றி, நான்கு சோதனைகளையும் திரும்பச் செய்யுங்கள். ஆக்சிஜன் குறைந்த சூட்டில் குரோமெல் கம்பியின் குரோமியம் மட்டும் பச்சையாக அரித்துப்போவதுண்டு. அப்படி மூப்படைந்த உணரியும் குறைத்தே காட்டும்.

அந்தப் பதிவேட்டின் பயன் இதுதான். எரிபொருள் முறையிலோ காற்று வழியிலோ நீங்கள் எதையும் மாற்றாமல், அதே வெளிவெப்பத்தில், ஐடில் வெப்பம் போன மாதத்தைவிட 30 டிகிரி இறங்கியிருந்தால், எஞ்சின் திடீரென்று ஆரோக்கியமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உணரி, ஃபிட்டிங், வயர் என்ற வரிசையில் காரணம் கிடைக்கும்வரை பறக்காதீர்கள்.